கூரையில் ரத்தம்... மீட்டரில் பூஜ்யம்!

"ஐயோ... ரத்தம்!"

அலறல் அந்த சோப்புத் தொழிற்சாலையையே உலுக்கியது.

முதலாளி முன்ஸிஃப் காபிக் கோப்பையைப் போட்டுவிட்டு ஓடிவந்தார். ஃபோர்மேன் ஃபத்ஹி மேலே காட்டினான்.

கூரை விளிம்பிலிருந்து சிவப்பாக... சொட்... சொட்...!

"யாரைடா கொன்னாங்க?"

"தெரியல முதலாளி! சோலார் மீட்டரும் செத்துப்போச்சு. பூஜ்யம் காட்டுது!"

முன்ஸிஃபுக்குக் கொலையைவிட மீட்டர்தான் பெரிய கவலை. வரி அதிகாரி கௌதர் வரும் நேரம். சோலார் ஓடுவதைக் கண்ணால் பார்த்தால்தான் வரிச்சலுகை. இல்லாவிட்டால் நாபுல் நகரின் 'பசுமை சோப்பு' கம்பெனியை இழுத்து மூட வேண்டியதுதான்!

"போலீஸைக் கூப்பிடவா?"

"வாயை மூடு! அந்தம்மா போனப்புறம் கொலையைப் பாத்துக்கலாம்."

"எந்தம்மா?"

பின்னால் கௌதர்! கையில் பை, மூக்கில் கண்ணாடி.

"யா லத்தீஃப்! இறைவா, காப்பாத்து!" என்றார் முன்ஸிஃப்.

மூவரும் மாடிக்கு ஏறினார்கள்.

பிணம் இல்லை.

தக்காளி இருந்தது! சோலார் பலகை ஒன்று விடாமல், பாதி பாதியாக அறுத்து, உப்புத் தூவி, மல்லாந்து கிடந்த தக்காளிகள்! நடுவே உட்கார்ந்து அவற்றைத் திருப்பிப் போட்டுக்கொண்டிருந்தாள் முன்ஸிஃபின் மனைவி ஸுஹைரா.

"அடிப்பாவி! என் குடியைக் கெடுத்துட்டியே! கரண்ட் எடுக்குற பலகைடி அது!"

"ஆகஸ்ட் வந்தா ஊரே மாடியில தக்காளி காயப்போடுது. இருந்த இடத்தையெல்லாம் உங்க பலகை அடைச்சுக்கிச்சு. உங்க தலையிலயா காயப்போட முடியும்? வழுக்கைதான்... சூடும் நல்லா ஏறும்... ஆனா இடம் பத்தாது!"

கௌதர் ஒரு துண்டை எடுத்து வாயில் போட்டார். கண்கள் விரிந்தன.

"விக்கிறீங்களா?"

"மூணு ஹோட்டலுக்கு."

"அடுப்பு?"

"வெயில் ஓசியில கிடைக்குது. அடுப்பு எதுக்கு?"

"கழிவு?"

"எல்லாம் கோழிக்கு."

கௌதர் முன்ஸிஃபிடம் திரும்பினார். "உங்க சோப்பு எதுல கொதிக்குது?"

"அது வந்து... டீசல்ல..."

"அப்போ சோலார்?"

"என் ரூம் ஏசிக்கு..."

"இந்தக் கட்டடம் யார் பேர்ல இருக்கு?"

"என் பேர்லதான். எங்கப்பா எழுதிவெச்சது" என்றாள் ஸுஹைரா.

கௌதர் சிரித்தார். "சலுகை உண்டு!"

முன்ஸிஃப் துள்ளிக் குதித்தார். "அல்ஹம்துலில்லாஹ்!"

"குதிக்காதீங்க. சோப்புக்கு இல்ல... தக்காளிக்கு! பசுமைத் தொழில்னா இவங்க பண்றதுதான். நாளைக்கே இவங்க பேர்ல பதிவு பண்ணிடுங்க."

முன்ஸிஃப் அப்படியே உட்கார்ந்துவிட்டார். "அப்போ என் கம்பெனி?"

"மூடுங்க" என்றாள் ஸுஹைரா. பாவமாகத்தான் இருந்தது அவளுக்கு. "எங்கிட்ட வேலைக்கு வாங்க. அந்த மூலையிலிருந்து திருப்பிப் போட்டுக்கிட்டே வரணும்."

முன்ஸிஃப் முட்டி போட்டார். முதல் தக்காளியைத் திருப்பினார். முதுகில் கைவைத்து முனகினார்.

ஃபத்ஹி தொப்பியைக் கழற்றி ஸுஹைரா பக்கம் பணிவாகக் குனிந்தான்.

"முதலாளியம்மா... புதுசா சேர்ந்த ஆளுக்குக் கொஞ்சம் வயசாயிடுச்சே... தாங்குவாரா?"