பீப்பாய் இறங்கிய வழி

"புடிச்சு உள்ள போட்டாலும் போடட்டும். கடையை மட்டும் வுடமாட்டேன் ஐயா," என்று சொல்லிக்கொண்டேதான் கனகம் தாண்டவராயன் வீட்டுக்குள் நுழைந்தாள்.

மதுவிலக்கு கடுமையாக இருந்த காலம். தண்டலத்தில் பெங்களூர் ரோட்டோரம் அவள் நடத்திய மெஸ்ஸின் நிலவறையில் ஒரு டிரம் நிறையக் கள்ளச்சாராயம் இருந்ததாகப் போலீஸ் அன்று காலை கடையைப் பூட்டிவிட்டது. நிலவறைச் சாவி எப்போதும் அவள் இடுப்பில். அவளுக்குப் பயமாகத்தான் இருந்தது. கோபம் அதைவிட அதிகம்.

தாண்டவராயன் பொதுப்பணித் துறையில் ஓவர்சீயராக இருந்து ஓய்வு பெற்றவர். ஊர்ச் சிக்கலெல்லாம் அவரிடம்தான் வரும். கூப்பிடாமலே கூட வருபவர் நண்பர் ராஜாமணி.

"கள்ளச்சாவி போட்டுக்கீறானுங்க," என்று ராஜாமணி அப்போதே தீர்ப்பு எழுதிவிட்டார்.

மெஸ் இருந்த கட்டடம் விக்டோரியா ராணி காலத்தில் வெள்ளைக்காரப் பட்டாளம் குடிக்கக் கட்டியது. பூ செதுக்கிய கண்ணாடி, தேக்குக் கவுண்டர், நடுவே ஆளுயர மரத்தடுப்பு. துரைமாருக்கு ஒரு வாசல், சிப்பாய்க்கு இன்னொன்று. துரை குடிப்பது சிப்பாய் கண்ணில் படக்கூடாதாம். மெஸ் தொடங்கிய அன்றே கனகம் தடுப்பைப் பிளந்து அடுப்பில் வைத்துவிட்டாள். காலனி ஆட்களும் ஊர் ஆட்களும் ஒரே பெஞ்சில் சாப்பிட்டார்கள்.

தாண்டவராயன் கடைக்கு வந்து கேட்டுக்கொண்டதும் சப்-இன்ஸ்பெக்டர் நிலவறையைத் திறந்தார். புகார் கொடுத்த பக்கத்துக் குடோன்காரர் கோதண்டராமனும் வந்து நின்றார். டிரம்மின் அடியில் புண்ணாக்குத் தூள் ஒட்டியிருந்தது. பின்னால் ஒரு கல் சரிவு ஏறி மேல்பலகையில் முட்டியது. விறகு அடுக்கக் கட்டியது என்றே கனகம் இத்தனை நாளும் நினைத்திருந்தாள்.

தாண்டவராயன் தோள் துண்டால் டிரம்மை அளந்தார், பிறகு கதவை அளந்தார். "டிரம்மை ஏன் சார் ஸ்டேஷனுக்குக் கொண்டு போகல?"

"கதவுல சிக்குது. சாம்பிள் மட்டும் மொண்டுகினு போனோம்."

"கள்ளச்சாவி கதவைத் தொறக்கும் ராஜாமணி, அகலமாக்காது. இது பாட்டில் எடுக்கப் போற ஆளுக்கு வெச்ச கதவு. வெள்ளைக்காரன் பீப்பாயை வெளியிலேருந்து இந்தச் சரிவுல உருட்டி எறக்குவான். அதோட வாய் இப்ப சுவருக்கு அந்தாண்ட, கோதண்டராமன் குடோன்ல, புண்ணாக்கு மூட்டைக்கு அடியில கீது. உருட்டி வுட்டவர் இந்தப் பக்கம் வந்து கதவைப் பார்த்ததே இல்ல."

கான்ஸ்டபிள்கள் போய் மூட்டைகளை நகர்த்தினார்கள். பலகை அங்கே இருந்தது, அதில் புதுக் கயிறும் கட்டியிருந்தது.

"யாரை யாரோட ஒக்கார வெக்கிறதுன்னு ஒரு மொறை வாணாமா?" என்றார் கோதண்டராமன். மறுக்கவில்லை.

அவரை ஜீப்பில் ஏற்றிவிட்டு சப்-இன்ஸ்பெக்டர் கடைச் சாவியை நீட்டினார். "எதுக்கும்மா வம்பு? பேருக்கு ஒரு தடுப்பு வெச்சுடேன்."

"வெக்கமாட்டேன் சார். புடிக்காதவன் அவன் வூட்ல துன்னட்டும்."

அன்று மதியம் கனகம் வழக்கத்தைவிடப் பெரிய உலையாக வைத்தாள். பெஞ்சில் இடம் கிடைக்காமல் ராஜாமணி நின்றுகொண்டே சாப்பிட்டார்.