அஸ்லாக்கின் கோரை

இரவு முழுக்க அடுப்புக்கு மேலே கழியில் தொங்கிய கோரை காலையில் நனைந்திருந்தது. ரவ்னா முதலில் தன்னுடையதைத் தொட்டாள். காய்ந்து மொறுமொறுவென்று இருந்தது. ஒரு சாண் தள்ளித் தொங்கிய தங்கை சுன்னாவின் கோரையைத் தொட்டதும் கையை இழுத்துக்கொண்டாள். ஈரம். அதுவும் சில்லென்ற ஈரமில்லை, இப்போதுதான் யாரோ காலிலிருந்து உருவிப் போட்டது போல வெதுவெதுப்பான ஈரம். சுன்னா மான்தோலுக்குள் சுருண்டு படுத்துக் குறட்டை விட்டுக்கொண்டிருந்தாள்.

நனைந்த கோரை அந்த வடகோடிப் பனிப்பிரதேசத்தில் விளையாட்டுக் காரியமில்லை. அங்கே கண்ணி வைக்கப் போகிறவர்கள் காலுறை போடுவதில்லை. சதுப்பில் அறுத்து, அடித்து மிருதுவாக்கிய கோரையைச் சுருட்டிப் பனிமான்தோல் பூட்ஸுக்குள் திணித்து, அதில் வெறுங்காலை நுழைத்து, கணுக்காலைச் சுற்றி நெய்த நாடாவை இறுக்கிக் கட்டிக்கொள்வார்கள். குடிலுக்குத் திரும்பினால் முதலில் கோரையை உலர்த்த வேண்டும். காப்பி, உப்புக்கண்டம் எல்லாம் பிறகுதான். காலையில் யார் முன்னால் எழுகிறாளோ அவள் இரண்டு பேர் பூட்ஸிலும் கோரை வைத்துத் தயார் செய்வாள். இதில் மெத்தனம் காட்டிக் குளிரில் கால்விரலைப் பறிகொடுத்தவர்களை ஊரில் நடையைப் பார்த்தே கண்டுபிடித்துவிடலாம்.

இந்தத் தடவை வரும் வழியில் சறுக்கு வண்டி ஓடையில் சரிந்து, கோரை மூட்டையில் பாதி தண்ணீரோடு போய்விட்டது. மிஞ்சியது ஒருத்தி காலுக்குத்தான் காணும். ஈஸ்டரில் சுன்னாவுக்குக் கல்யாணம். அந்தச் செலவுக்காகப் பனிக்கௌதாரி பிடிக்க வந்துவிட்டு, வெறுங்கையோடு திரும்ப இருவருக்கும் மனமில்லை. ஏரிக்கரையில் இருந்த மண்குடிலில் தங்கினார்கள். அது அஸ்லாக்கின் குடில். முந்தின குளிர்காலத்தில் தனியாக வேட்டைக்கு வந்த அஸ்லாக் வீடு திரும்பவில்லை. தேடிப் போனவர்களுக்கு அவனுடைய பூட்ஸ் மட்டும் கிடைத்தது. உறைந்து கிடந்த ஏரி நடுவில் ஜோடி சேர்த்து, நாடாவை அழகாகச் சுற்றி வைத்திருந்ததாம். அதைக் கொண்டுவந்து குடில் வாசலில் ஆணியில் மாட்டினார்கள். அதற்கப்புறம் அதை யாரும் தொடவில்லை.

ரவ்னா தொட்டாள். வந்த அன்று சுன்னா விறகு பொறுக்கப் போயிருந்த நேரத்தில், ஆணியில் தொங்கிய பூட்ஸுக்குள் கைவிட்டாள். கோரை காய்ந்து பொன்னாக இருந்தது. எங்கே அறுத்ததோ, லேசாகச் சிவப்போடிய கோரை. முதலில் தன் பூட்ஸில்தான் வைக்கப் போனாள். பிறகு சுன்னாவின் பூட்ஸில் வைத்தாள். விஷயம் தெரியாதவளுக்கு என்ன பயம் என்று தனக்கே சமாதானம் சொல்லிக்கொண்டாள். உண்மையில், தன் காலை அதற்குள் விட அவளுக்குத் தைரியம் வரவில்லை.

இப்போது அந்த ஈரக் கோரையை நெருப்பில் காட்டிக் காட்டி உலர்த்தினாள். குடில் முழுக்க ஒரு வாடை எழுந்தது. புல்வாடை இல்லை. வியர்த்த ஆண் பிள்ளையின் கால்வாடை. சுன்னா எழுந்து மூக்கைச் சுளித்து, நேற்று பிடித்த கௌதாரி கெட்டுப்போய்விட்டதா என்று கேட்டாள்.

சூரியன் தலைகாட்டாத மாதம். நடுப்பகலில் தெற்கே கொஞ்சம் நீலம் கசியும், அவ்வளவுதான். அந்த நீலத்தில் கண்ணிகளைப் பார்த்துக்கொண்டு போனார்கள். ரவ்னாவின் கால்விரல் ஒவ்வொன்றும் ஊசி குத்துவது போல வலித்தது. அதில் அவளுக்கு ஒரு நிம்மதியும் இருந்தது. வலி இருக்கிற வரைக்கும் விரல் இருக்கும். சுன்னாவோ சிரித்துக்கொண்டே முன்னால் சறுக்கிப் போனாள்.

"என் காலு கணகணன்னு இருக்குக்கா. ஒனக்கு?"

"எனக்கு வலி உயிரு போவுது. நீ வாயை மூடிக்கிட்டு நட."

"வயசாயிடுச்சுல்ல, ரத்தம் சுண்டிப்போச்சு. ஒன்னைக் கல்யாணத்துல உக்கார வெச்சுட்டு நான் ஆடப்போறேன் பாரு."

ரவ்னாவும் சிரித்தாள். இரண்டு பேர் சிரிப்பும் அடங்கிய பிறகுதான் அந்தச் சத்தம் கேட்டது. சறுக்குக்கட்டைகள் பனியில் உரசும் சத்தத்துக்கு நடுவே, கொஞ்சம் பின்னால், ஈரமான சதை பனியில் ஒட்டி ஒட்டிப் பிரிகிற சத்தம். நின்றாள். அதுவும் நின்றது. திரும்பிப் பார்த்தபோது பிர்ச் மரங்களும் தாங்கள் வந்த தடமும் மட்டுமே இருந்தன.

மாலையில் அடுப்படியில் உட்கார்ந்து சுன்னாவின் நாடாவை ரவ்னாவே அவிழ்த்தாள். வெளுத்து மரக்கட்டையாகியிருக்குமோ என்று பயந்து பார்த்தால், கால் ரோஜா நிறத்தில், வியர்வையில் பளபளத்தது. உருவிய கோரையைக் கையில் ஏந்திப் பார்த்தாள். போட்டவர் காலின் வடிவத்தைக் கோரை அப்படியே பிடித்து வைத்திருக்கும். சுன்னாவுக்குக் குழந்தைக் கால். கோரையில் விழுந்திருந்த குழி அகலமாக, நீளமாக இருந்தது. பெருவிரல் வைத்த இடத்தில் ரவ்னாவின் இரண்டு விரல்கள் தாராளமாக நுழைந்தன.

"எரியுதுக்கா. கழட்டிப் போட்டுட்டு பனியில நடந்தா சொகமா இருக்கும்போல," என்றாள் சுன்னா, காலைத் தேய்த்துக்கொண்டே.

ரவ்னா அடுப்பைப் பார்த்தாள். அந்தக் கோரையை அடுப்பில் போடலாம். போட்டால் வீடு போகிற வழியில் ஒருத்திக்குக் கால் போகும். முடிவு செய்துவிட்டாள். காலையில் முதலில் எழ வேண்டும். நல்ல கோரையைச் சுன்னாவுக்கு வைத்துவிட்டு, அஸ்லாக்கினுடையதைத் தான் போட்டுக்கொள்ள வேண்டும். வந்த அன்றே அப்படித்தான் செய்திருக்க வேண்டும். கழியையே பார்த்துக்கொண்டு படுத்திருந்தாள். புல் சொட்டுகிறதா, காற்றா, யாராவது நெருப்பைச் சுற்றி நடக்கிறார்களா என்று காதைத் தீட்டிக்கொண்டிருந்தவள் எப்போது கண்ணசந்தாளோ தெரியவில்லை.

விழித்தபோது கழி காலியாக இருந்தது. சுன்னா பூட்ஸ் மாட்டி, நாடா கட்டி, வாசலில் நின்றிருந்தாள். முகம் காய்ச்சல்காரி முகம் போலச் சிவந்திருந்தது.

"ஒன் பூட்ஸுலயும் கோரை வெச்சுட்டேன். இன்னிக்கு ஒனக்கும் குளிராது பாரு."

ரவ்னா, நில்லுடி, கழற்று, இன்றைக்கு வீட்டுக்குப் போகிறோம் என்றாள். அதற்குள் சுன்னா வெளியேற, கதவாகத் தொங்கிய தோல் விழுந்து மூடிவிட்டது. பூட்ஸில் காலை நுழைத்து, கிடைத்தபடி நாடாவைச் சுற்றி, பின்னாலேயே ஓடினாள்.

தடம் கண்ணிகளின் பக்கம் போகவில்லை. நேராக ஏரிக்கு இறங்கியது. கூப்பிட்டாள். பனி சத்தத்தை விழுங்கியது. கொஞ்ச தூரத்தில் சுன்னாவின் சறுக்குக்கட்டைகள் கிடந்தன. இன்னும் கொஞ்சம் தள்ளி அவள் கையுறை. பிறகு அவள் தொப்பி.

ஏரி நடுவில் பூட்ஸ்.

ஜோடி சேர்த்து. நாடா அழகாகச் சுற்றி. உள்ளே கோரையிலிருந்து ஆவி எழுந்துகொண்டிருந்தது.

அங்கிருந்து வெறுங்கால் தடங்கள் போயின. சின்னக் கால். குழந்தைக் கால். அதற்கு இணையாக இன்னொன்று, அகலமாக, நீளமாக. இரண்டும் ஒன்றாக, அவசரமில்லாமல், நீலம் முடிந்து இருட்டு தொடங்குகிற இடம் வரைக்கும்.

தங்கையின் பெயரைச் சொல்லி அழுதாள். அழுகை நடுவில்தான் தெரிந்தது. கால் வலிக்கவில்லை.

எப்போது நின்றது? கரையிலா? அதற்கு முன்னாலா?

குனிந்து பார்த்தாள். அவள் பூட்ஸின் விளிம்பில் நாடாவுக்குள்ளிருந்து ஒரு பிடி கோரை பிதுங்கியிருந்தது. லேசாகச் சிவப்போடிய கோரை. அக்கா கால் வலியில் சாகிறாளே என்று தன்னுடையதில் பாதியை எடுத்து வைத்திருக்கிறாள், பைத்தியக்காரி.

கணகணவென்று இருந்தது. பாதத்தில் தொடங்கி முழங்கால் வரைக்கும். எரிந்தது. முன்னால் இருட்டில், ஈரச் சதை பனியில் ஒட்டிப் பிரிகிற சத்தம். இரண்டு ஜோடி. நின்றது. காத்திருந்தது.

ரவ்னா மண்டியிட்டு நாடாவை அவிழ்த்தாள். சுருட்டினாள். தங்கையின் பூட்ஸுக்குப் பக்கத்தில் தன்னுடையதையும் ஒழுங்காகச் சேர்த்து வைத்தாள்.