படகோட்டிக்குப் பன்னிரண்டு சொற்கள்

ஆறு மணிக்குச் செருப்புச் சத்தம் வழக்கம்போல வந்தது. ஆனால் அன்றைக்கு அது ஈரமாக வந்தது.

வாசலில் செருப்பை உதறிவிட்டுக் கூடத்தில் நாலடி நடந்து, சாய்வு நாற்காலிக்குப் பக்கத்தில் வந்து நிற்கும் சத்தம். வேறு யாராவது கேட்டிருந்தால் அலறியடித்துக்கொண்டு ஓடியிருப்பார்கள். அவளுக்கு அது செத்துப்போன புருஷன். எட்டு வருஷமாக அந்த நாலடிக்காகத்தான் வீடு மாறாமல் இருந்தாள். ஆசை வெட்கமறியாது என்பார்கள்; பயத்தையும் அறியாதுபோல.

வரவழைத்தவளே அவள்தான்.

அவள் வேலை பார்க்கிற கம்பெனி ஒரு விளையாட்டுப் புத்தகம் போடுகிறது. நாலைந்து பேர் மேசையைச் சுற்றி உட்கார்ந்து, பகடை உருட்டி, ஆளுக்கொரு வீரனாகவோ மந்திரவாதியாகவோ பேசி ஆடுகிற ஆட்டம். அவர்கள் உலவுகிற ஏழாற்று நாடு, ராஜா முதல் ரொட்டிக்காரி வரை, அந்தத் தடிப் புத்தகத்துக்குள் இருக்கிறது. இருபத்தைந்து வருஷக் கதையைப் புதிதாக வாங்குகிறவன்மேல் ஏற்றினால் குருவி தலையில் பனங்காய்தான். அதனால் சில வருஷங்களுக்கு ஒருமுறை எல்லாவற்றையும் கலைத்து, பாதிப்பேரைக் கொன்று, செத்தவர்களில் சிலரை எழுப்பி, மறுபடி முதலிலிருந்து தொடங்குவார்கள். யார் இருப்பது, யார் போவது என்று தீர்மானிப்பது அவள் வேலை. ஆபீஸே அவளை எமனக்கா என்றுதான் கூப்பிட்டது. விதி ஒன்றே ஒன்று: புதிய புத்தகத்தில் இல்லாதது எப்போதுமே இருந்ததில்லை.

புருஷன் செத்த வருஷம் வந்த மறுதொடக்கத்தில், யாரிடமும் சொல்லாமல் அவரை ஒரு படகோட்டியாக எழுதிவைத்தாள். முழுசாக இரண்டு பக்கம். மோவாய் மச்சம், எப்போதும் முணுமுணுக்கும் பாட்டு, மகள்மேல் வைத்திருந்த உயிர், ஏற்றிப் போனவர்களைப் பொழுது சாய்வதற்குள் திரும்பக் கொண்டுவந்து விடுகிற பொறுப்பு. புத்தகம் அச்சாகி வந்த அன்று சாயங்காலம் கூடத்தில் அதே பாட்டு கேட்டது. தரையில் உட்கார்ந்து அழுது தீர்த்தாள். சந்தோஷ அழுகைதான்.

அடுத்த மறுதொடக்கத்தில் அரைப் பக்கம்தான் கிடைத்தது. அன்றிலிருந்து கூடத்தில் பாட்டின் முதல் வரி மட்டும் கேட்டது. அப்போதே அவளுக்கு உறைத்திருக்க வேண்டும்.

இந்தத் தடவை ஆளுக்குப் பன்னிரண்டே சொல். "ஆட்டத்துக்கு அந்தாளு எதுக்கு உதவுவான், அத மட்டும் போடுங்க எமனக்கா, போதும்" என்றார் முதலாளி. எத்தனையோ ஆயிரம் பேரை வெட்டித் தள்ளிய கை. பழக்கதோஷத்தில் கட்டினவரையும் அப்படியே வெட்டியது. பதினொன்றில் முடிந்துவிட்டது. ஒரு சொல்லுக்கு இடமிருக்கிறதே என்று முன்னால் 'மிக' என்று சேர்த்தாள், பாவி.

மத்தியானம் கூரியரில் வந்த புதுப்பிரதி அடுப்பங்கரை மேடையில் பிரிக்காமலே கிடந்தது. இப்போது உறையைக் கிழித்துப் பக்கத்தைத் தேடினாள்.

'மிக உயரமான படகோட்டி. ஆற்றங்கரையில் யார் காத்து நின்றாலும் கைபிடித்து ஏற்றி அக்கரைக்குக் கொண்டுபோய் விடுவான்.'

அவ்வளவுதான். மச்சமில்லை, பாட்டில்லை, மகளில்லை. திரும்புவதைப் பற்றி ஒரு எழுத்துமில்லை.

வெளியே மழை சாரலாகப் பிசுபிசுத்துக்கொண்டிருக்க, கூடத்திலிருந்து அழுகிய பாசியும் பழைய மரமும் கலந்த ஆற்றுவாடை மெல்ல மெல்ல நகர்ந்து வந்து, அடுப்பில் பொங்கிய பாலின் வாசனையை அமுக்கி, அவள் தொண்டையில் சேறாக இறங்கியது. ஒன்று, இரண்டு, மூன்று, நாலு. நாற்காலிப் பக்கம் நிற்கவேண்டிய காலடி நிற்கவில்லை. ஐந்து. ஆறு. மேலே கூரையில் ஏதோ உரசிக்கொண்டே நகர்ந்தது, தலை இடிப்பதுபோல.

போனில் முதலாளியைப் பிடித்தாள். "சார், ஒரு வரி விட்டுப்போச்சு. திரும்பக் கொண்டுவந்து விடுவான்னு சேக்கணும். நிறுத்துங்க சார், கும்பிட்டுக் கேக்குறேன்."

"என்ன எமனக்கா, உடம்பு கிடம்பு சரியில்லையா? முப்பதாயிரம் பிரதி கடைக்குப் போயாச்சு. ஒரு படகோட்டிக்கா இந்தப் பாடு?"

பேனாவை எடுத்துப் பக்கத்து ஓரத்தில் எழுதினாள். திரும்பக் கொண்டுவந்து விடுவான். மகள்மேல் உயிர். மோவாயில் மச்சம். தாளில் எங்கிருந்தோ ஈரம் ஊறி வந்து எழுதியதையெல்லாம் கரைத்தது. அச்சடித்த பன்னிரண்டு மட்டும் அப்படியே நின்றன.

சத்தம் கூடத்தைத் தாண்டிவிட்டது. அந்தப் பக்கம் இருப்பது ஒரே அறை.

"பாப்பா!" அடுப்பங்கரையிலிருந்தே கூப்பிட்டாள். "பாப்பா, கதவ சாத்துடி!"

"ஏம்மா? அப்பாதானே." ஒன்பது வயதுக் குரல், உற்சாகமாக. "ஒனக்கு மட்டும்தான் கேக்கும்னு நெனச்சியா? நான் தெனமும் ஆறு மணிக்கு என் ரூம் வாசப்படியில நின்னு காத்துட்டுதான் இருப்பேன்."

ஓடினாள். கணுக்கால்வரை தண்ணீர். ஜில்லென்று. கூடத்து விளக்கு எரிந்தது. பிரகாசமாகவே எரிந்தது. எல்லாம் தெரிந்தது.

மகளின் அறையில் பின்சுவர் இல்லை. இருந்த இடத்தில் கறுப்பாக ஆறு. கரையில் படகு. கூரையில் முதுகு இடிக்க, கூனி நின்றது அது. நீண்ட கை. அந்தக் கைக்குள் குழந்தையின் கை.

"ஏங்க!" என்று கத்தினாள். "நம்ம பாப்பா அது!"

அது திரும்பியது. மோவாய் இல்லை. வாய் இல்லை. கண் இல்லை. முகம் முழுக்க வெள்ளைத் தாள்.

குழந்தை படகில் ஏறி உட்கார்ந்தது. பாவாடையை ஒதுக்கிக்கொண்டு அண்ணாந்து பார்த்தது.

"இருட்டுறதுக்குள்ள திரும்பக் கொண்டாந்து விட்டுடுவீங்கல்ல, அப்பா?"

அது துடுப்பை எடுத்தது.