மருந்து விழுங்கிய மதியம்

சோபாவில் கண் விழித்த டாக்டருக்கு முதலில் கேட்டது குறட்டைச் சத்தம். தன்னுடையதுதானோ என்று வாயை மூடிப் பார்த்தார். நிற்கவில்லை. உள்ளறையிலிருந்து வந்தது, ஈரத் துணியைத் தரையில் இழுப்பதுபோல இழுபட்டு, அடைபட்டு, மறுபடி இழுபட்டு. மயக்க மருந்து கொடுப்பதே அவர் தொழில். அது தூக்கத்தின் குறட்டை இல்லை என்று அவருக்குத் தெரியும். மருந்தில் கிடப்பவனின் தாடை தளர்ந்து, நாக்கு பின்னால் சரிந்து, தொண்டையை அடைக்கும்போது வரும் சத்தம் அது.

மதியம் அவருக்கே எண்டோஸ்கோப்பி. ஊசி போட்டது அவருடைய ஜூனியர்: முதலில் மிடசோலம், பிறகு பால்போல வெள்ளையான புரோபோஃபால். கையில் ஏறிய எரிச்சல் தோளைத் தொடுவதற்குள் எல்லாம் அணைந்துபோனது. ஞாபகம் அதுவரைதான்.

மனைவி காபியோடு வந்தாள்.

"வீட்டுக்கு எப்படி வந்தோம்?"

"நல்லா இருக்கே! வழியெல்லாம் வாய் ஓயாம பேசிட்டு வந்தது யாராம்?"

அதில் ஆச்சரியமில்லை. நோயாளிகளிடம் அவரே எத்தனையோ முறை சொன்னதுதான். வெள்ளை மருந்து மூளையை விட்டுச் சீக்கிரம் இறங்கி, தசையிலும் கொழுப்பிலும் போய் ஒதுங்கிக்கொள்ளும், கண் திறந்துவிடும். மிடசோலம் அப்படியில்லை, நினைவின் கதவைத் தாழ்போட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்கும். நடப்பீர்கள், சிரிப்பீர்கள், கேட்டதற்கெல்லாம் தலையாட்டுவீர்கள், ஒன்றும் மனதில் பதியாது. "இன்னிக்கு யாருக்கும் எந்த வாக்கும் குடுத்துடாதீங்க" என்று சொல்லிச் சிரிப்பார்.

"உள்ள யாரு?"

அவள் குரலைத் தாழ்த்தினாள். "உங்க அண்ணன்தான். இத்தனை வருஷத்துல ஒரு வார்த்தை சொன்னதில்லையே நீங்க."

அவருக்கு அண்ணன் இல்லை. வீட்டுக்கு ஒரே பிள்ளை.

"ஆஸ்பத்திரியில உங்க பக்கத்துக் கட்டில்ல படுத்திருந்தாரே. அவரை விட்டுட்டு வரமாட்டேன்னு ஒத்தைக் கால்ல நின்னீங்க."

காபியை வாங்காமல் அவளையே பார்த்தார். அன்றைக்குக் கடைசி கேஸ் அவருடையதுதான். உள்ளே போகும்போதே பார்த்திருந்தார். பக்கத்துக் கட்டிலில் விரிப்புகூட இல்லை.

"அவன் ஏதாவது பேசினானா?"

"என்கிட்ட இல்ல. கார்ல உங்க காதுலதான் ஏதோ கேட்டுக்கிட்டே வந்தாரு. நீங்களும் சரி, சரின்னீங்க."

"என்ன கேட்டான்?"

"எனக்கு எப்படித் தெரியும்? சரின்னது நீங்க."

குறட்டை நின்றது.

சத்தம் இருக்கும்வரை காற்று போகிறது என்று அர்த்தம். சத்தம் நின்றால்தான் அவருடைய தொழிலில் எல்லோரும் ஓடுவார்கள். வீடு முழுக்க அமைதி. ஆஸ்பத்திரி ஸ்பிரிட்டின் வாடை மெல்லப் பரவியது.

"பாப்பா எங்க?"

"பெரியப்பாகிட்ட இருக்கா."

எழுந்தார். சுவரைப் பிடித்தார். நடந்தார். கதவைத் தள்ளினார்.

திரை மூடியிருந்தது. கட்டிலில் ஒருவன். தாடை தொங்கியிருந்தது. கண்கள் பாதி திறந்திருந்தன. உதடு நீலம். டாக்டர் பழக்கத்தில் மார்பைப் பார்த்தார். ஏறவில்லை. காத்திருந்தார். ஏறவே இல்லை.

பக்கத்தில் அவருடைய மகள் உட்கார்ந்திருந்தாள். அவள் கை அவன் கைக்குள்.

"அப்பா..." குரல் குழறியது. இமைகள் செருகிக்கொண்டிருந்தன. "பெரியப்பா கையை விடமாட்டேங்கறாரு. நீங்க சரின்னுட்டீங்களாம்."

அவர் அவளை இழுத்தார். வரவில்லை.

மார்பு அசையவில்லை. கண் அசையவில்லை. விரல்கள் மட்டும், ஒவ்வொன்றாக, இறுகிக்கொண்டே இருந்தன.