தொடாமல் எழுதிய நாடி

மதியச் சாப்பாட்டுத் தட்டுகளை எடுத்துப் போன தள்ளுவண்டியின் சத்தம் வராந்தாவில் தேய்ந்து மறையும் நேரத்தில் சிட்டு வார்டுக்குள் வந்தாள். உயரமான கூரை. பினாயிலும் வியர்வையும் கலந்த வாசம். மின்விசிறிகள் முனகிக்கொண்டிருந்தன. அறுவைசிகிச்சை முடிந்தவர்கள் பாதித் தூக்கத்தில் கிடந்தார்கள். அவள் நர்சிங் கல்லூரியில் கடைசி வருஷம். எதையும் பறந்து பறந்து செய்வதால் தோழிகள் வைத்த பெயர் சிட்டு.

அன்றைய டியூட்டி உண்மையில் அவளுடையது இல்லை. அறைத்தோழி பாட்டுக்காரியுடையது. எந்நேரமும் ஏதாவது பாட்டை முணுமுணுத்துக்கொண்டே இருப்பவள் அவள்.

"நாளைக்கு நான் படிக்கணும்டி. இன்னிக்கு உன் டியூட்டியை நான் பாத்துக்கறேன், நாளைக்கு என்னோடதை நீ பாரு" என்று காலையில் சிட்டு கேட்டிருந்தாள். வாய்வார்த்தையாகவே மாற்றிக்கொண்டார்கள். வார்டு போர்டில் பாட்டுக்காரியின் பெயரே இருந்தது.

ஜன்னலோரக் கட்டிலில் ஒரு தையல்காரம்மா. காலையில்தான் வயிற்றில் அறுவைசிகிச்சை நடந்திருந்தது. அரைமணிக்கொரு தரம் நாடியும் ரத்த அழுத்தமும் பார்த்துச் சார்ட்டில் எழுத வேண்டும்.

சிட்டு எழுதினாள். பார்க்கவில்லை.

சாயங்காலம் வரைக்குமான கட்டங்களை ஒரே மூச்சில் நிரப்பினாள். சந்தேகம் வராதபடி இங்கே கொஞ்சம் கூட்டி, அங்கே கொஞ்சம் குறைத்து. எல்லோரும் செய்வதுதான், சீனியர்கள் கண் சிமிட்டிக் கற்றுக்கொடுத்த வித்தை. பிறகு பாடப் புத்தகத்தை விரித்துக்கொண்டு மூலையில் உட்கார்ந்தாள்.

"பாப்பா." தையல்காரம்மாவின் குரல் கிணற்றுக்குள்ளிருந்து வருவதுபோல் இருந்தது. "உள்ளே என்னமோ படபடன்னு வருது. கொஞ்சம் கையைப் பிடிச்சுப் பாரேன்."

"பாத்தாச்சும்மா. நல்லாத்தான் இருக்கு. தூங்குங்க."

அந்தம்மா கையை நீட்டியபடியே இருந்தாள். ஊசி குத்திக் குத்திக் காய்த்துப்போன விரல் நுனிகள்.

"நீ என்னைத் தொடவே இல்லையே."

சிட்டு பக்கத்தைப் புரட்டினாள்.

வெயில் இறங்குவதற்குள், பள்ளிக்கூடம் விடும் நேரத்தில், அந்தம்மா போய்விட்டாள். வயிற்றுக்குள் ரத்தம் கசிந்துகொண்டே இருந்திருக்கிறது. சார்ட்டில் மட்டும் நாடி சீராக ஓடிக்கொண்டிருந்தது.

விசாரணையில் பாட்டுக்காரி நடந்ததைச் சொன்னாள். "நாங்க மாத்திக்கிட்டோம் மேடம். நான் அன்னிக்கு ரூம்ல படுத்திருந்தேன். இவளையே கேளுங்க."

கல்லூரி முதல்வர் சிட்டுவின் பக்கம் திரும்பினார். வார்டு சிஸ்டர் அன்று ஆபரேஷன் தியேட்டரில் மாட்டிக்கொண்டிருந்தார். நோயாளிகள் கண்டது மாஸ்க்கும் தொப்பியும் போட்ட ஒரு பெண்ணை. ஆமாம் என்று ஒரு வார்த்தை சொன்னால், கடைசிப் பரீட்சை போச்சு. வீட்டில் அம்மா அக்கம்பக்கமெல்லாம் 'எம்பொண்ணு நர்ஸு' என்று சொல்லிவைத்திருக்கிறாள்.

"இல்ல மேடம். நாங்க மாத்திக்கல."

பாட்டுக்காரி அழவில்லை. சிட்டுவையே பார்த்துக்கொண்டு நின்றாள். கல்லூரியிலிருந்து நீக்கிவிட்டார்கள்; அன்றைக்கே பெட்டியைக் கட்டிக்கொண்டு போனாள்.

அடுத்த வாரம் சிட்டுவுக்கு வேறு வார்டு. கால் முறிந்த ஓர் இளைஞன். தன் பைக்கைப் பற்றி ஓயாமல் பேசிக்கொண்டிருந்தான். அவன் மணிக்கட்டில் விரல் வைத்தாள்.

ஒன்றுமில்லை.

விரலை நகர்த்தினாள். அழுத்தினாள். கை ஈரத் துணிபோல் சில்லிட்டிருந்தது. அவனோ சிரித்துச் சிரித்துப் பேசிக்கொண்டிருந்தான்.

"சிஸ்டர், இவருக்குப் பல்ஸ் இல்ல."

சிஸ்டர் வந்து பிடித்துப் பார்த்தார். "குதிரை மாதிரி ஓடுது. சாப்பிட்டியா இல்லையா நீ?"

அடுத்த கட்டிலிலும் ஒன்றுமில்லை. அதற்கடுத்ததிலும் இல்லை. அவள் தொட்ட கையெல்லாம் பிணத்தின் கையாக இருந்தது. கண்ணைத் திறந்து அவளைப் பார்த்துக்கொண்டிருக்கும் பிணங்கள். சார்ட்டில் எதையாவது எழுதியாக வேண்டும். எழுதினாள், மனதுக்குத் தோன்றிய எண்களை. அன்று சோம்பலில் செய்ததை இப்போது வேறு வழியில்லாமல் செய்தாள். பேனா காகிதத்தைத் தொடும்போதெல்லாம் காதருகே யாரோ மூச்சு விடுவது கேட்டது.

சிரிப்பை அடக்கும் மூச்சு.

செய்முறைத் தேர்வு ஒரு காலை வேளையில் நடந்தது. வெளியிலிருந்து வந்திருந்த தேர்வாளர் கண்டிப்பான அம்மாள். ஒரு சிறுமியின் கட்டிலைக் காட்டினார். காய்ச்சல் விட்டு அயர்ந்து தூங்கிக்கொண்டிருந்தது குழந்தை.

"நீ அந்தக் கையைப் பிடி. நான் இந்தக் கையைப் பிடிக்கிறேன். எண்ணிக்கை ஒத்துப்போகணும்."

ஊகித்துச் சொல்லிவிடலாம் என்றுதான் சிட்டு நினைத்திருந்தாள். போர்வைக்குள் கையை விட்டாள்.

ஒன்றுமில்லை. குளிர்.

பிறகு அவள் பிடித்திருந்த கை மெல்லத் திரும்பியது.

விரல்கள் நீண்டு அவள் மணிக்கட்டைச் சுற்றிக்கொண்டன. குழந்தையின் விரல்கள் அல்ல. நுனியெல்லாம் சொரசொரவென்று காய்த்திருந்தன.

"இப்பவாச்சும் தொட்டியே," என்றது ஒரு குரல், கிணற்றின் அடியிலிருந்து.

அவள் கையை இழுத்தாள். பிடி இறுகியது.

"எத்தனைன்னு சொல்லு."

"எத்தனை?" என்றார் தேர்வாளரும் அதே நொடியில்.

"தெரியல." சிட்டுவின் பல் தந்தியடித்தது. "எனக்குத் தெரியல மேடம். நான் பாக்கவே இல்ல. அன்னிக்கும் பாக்கல. அந்தம்மா கையை நீட்டினாங்க, நான் தொடல. நான்தான் டியூட்டி பாத்தேன். அவ இல்ல. நான்தான்."

தேர்வாளர் போர்வையை விலக்கினார். சிறுமியின் பிஞ்சுக் கை மல்லாந்து கிடந்தது. சிட்டுவின் மணிக்கட்டில் விரல் பதிந்த தடங்கள் சிவந்து, கண்ணெதிரே கன்றிப்போய்க்கொண்டிருந்தன.

பாட்டுக்காரியைத் திரும்பச் சேர்த்துக்கொண்டார்கள். சிட்டுவை வெளியேற்றினார்கள். பெட்டியைத் தூக்கிக்கொண்டு அவள் வாசலுக்கு வந்தபோது பாட்டுக்காரி எதிரே வந்தாள். முணுமுணுப்பு இல்லை.

"என்னை மன்னிச்சிடுடி."

"பயத்துல உண்மையைச் சொன்னே," என்றாள் பாட்டுக்காரி நிதானமாக. "பயம் வராம இருந்திருந்தா சொல்லியிருப்பியா?"

சிட்டு பெட்டியைக் கீழே வைத்தாள்.

"எனக்குப் படிப்பு திரும்பக் கிடைச்சுது," என்றாள் பாட்டுக்காரி. "அந்தம்மாவுக்கு என்ன திரும்பக் கிடைச்சுது?"

அவள் உள்ளே போய்விட்டாள்.

வீட்டில் அம்மா ஒரு வார்த்தைகூடத் திட்டவில்லை. அதுதான் தாங்க முடியாமல் இருந்தது. சிட்டு சாப்பிடுவதைக் குறைத்தாள், பேச்சைக் குறைத்தாள். மகள் இளைத்துக்கொண்டே போவதைப் பார்த்துப் பொறுக்காமல் அம்மா அவளைத் தெருக்கோடி டாக்டரிடம் இழுத்துப்போனாள். வயதான மனிதர். பளிச்சென்று வெளிச்சம் விழும் சின்ன அறை. ஜன்னலுக்கு வெளியே பள்ளிக்கூடம் விட்ட பிள்ளைகளின் கூச்சல்.

டாக்டர் ஸ்டெத்தை நெஞ்சில் வைத்துக் கேட்டார். "இதயம் நிதானமா துடிக்குது. ஒண்ணும் பயமில்லைம்மா."

பிறகு மணிக்கட்டைப் பிடித்தார்.

அவர் முகம் மாறியது. மறுபடியும் ஸ்டெத்தை வைத்தார். ஒரு கையால் அதைப் பிடித்துக்கொண்டே மறு கையால் நாடியைத் தேடினார்.

"என்ன டாக்டர்?" என்றாள் அம்மா.

"நெஞ்சுல ஒண்ணு துடிக்குது." அவர் குரல் தாழ்ந்தது. "கையில வேற ஒண்ணு துடிக்குது."

"அப்படின்னா?"

"நூல் மாதிரி மெலிசா, படபடன்னு ஓடுது. உள்ளே ரத்தம் போய்க்கிட்டிருக்கிறவங்களுக்குத்தான் இப்படி இருக்கும்."

சிட்டு அசையாமல் உட்கார்ந்திருந்தாள். வெளியே கூச்சல் அடங்கிவிட்டது. டாக்டரின் விரல் அழுந்தியது, இன்னும் அழுந்தியது. அவர் உதடுகள் எண்ணிக்கொண்டிருந்தன. மெதுவாக, இன்னும் மெதுவாக.

எண்ணுவதை நிறுத்தினார்.

பிடித்த கையை விடாமல், அவளை நிமிர்ந்து பார்த்தார்.

"நின்னுடுச்சு," என்றார்.

"தெரியும் டாக்டர்," என்றாள் சிட்டு. "தினமும் இந்த நேரத்துக்குத்தான் நிக்கும்."