பத்து மாகாணம்

"மேடம், என் பொண்ணைத் தூக்கிட்டுப் போயிட்டாங்க. போலீஸுக்குப் போனா உயிரோட பார்க்க முடியாதாம்."

கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே வந்தாள் அந்தத் தாய். தையல் ஆலையிலிருந்து அப்படியே ஓடி வந்திருந்தாள். உடை முழுக்க நூல் துணுக்கு.

போலீஸ் வேலையை விட்டுத் தனியாகத் துப்புத் துலக்கும் அந்த அம்மாள் நாற்காலியை அவள் பக்கம் நகர்த்தினார். உதவியாளனுக்கு 'அவசரம்' என்று பட்டப்பெயர். அவன் அதற்குள் வாசல் வரை ஓடிவிட்டு, எங்கே போவதென்று கேட்கத் திரும்பி வந்தான்.

மீதியைக் கூட வந்திருந்த அவளுடைய தம்பி சொன்னான். அவள் புருஷன் பஸ் டிரைவர். ஒரு லாரி ஆளை அடித்துப்போட்டுவிட்டு ஓடியதையும், அதை ஓட்டியது லாரி முதலாளியின் மகன் என்பதையும் கண்ணால் பார்த்தவன். நாளைக்குக் கோர்ட்டில் சாட்சி. அவன் வாயைத் திறந்தால் பிள்ளை திரும்பாது என்று போன் வந்திருக்கிறது.

"நான் அந்த முதலாளிகிட்டதான் லாரி ஓட்டுறேன் மேடம். கால்ல விழுந்து கெஞ்சிட்டேன். ஒண்ணும் தெரியாதுங்கறார். அத்தான் நாளைக்குப் போகாம இருந்துட்டா..."

"பள்ளிக்கூட வாசல்ல யாரும் சத்தம் கேக்கலையா?"

"வாட்ச்மேன் அங்கயேதான் இருந்தாராம்," என்றாள் தாய். "தெரியாதவங்க தொட்டாலே என் பொண்ணு ஊரைக் கூட்டிடுவா. எப்படின்னே புரியலை."

"போன்ல பிள்ளை பேசினாளா?"

"நாளைக்குப் பரீட்சை, பாடம் ஒப்பிக்கிறேம்மான்னா. பக்கத்துல ஒருத்தன் சிரிச்சான். நம்ம நாட்டுல பத்து மாகாணம், தெற்கு முழுக்க ஒரே மாகாணம்னு சொன்னா. பன்னெண்டுன்னு காலையிலதான் சொல்லிக் குடுத்தேன். பயத்துல எல்லாத்தையும் மறந்துட்டா மேடம்!"

"பன்னெண்டுல ரெண்டு குறையுது. ரெண்டாவது மாடின்னு சொல்றாளோ?" என்று துள்ளினான் அவசரம்.

"உட்காரு," என்றார் அம்மாள். "தெற்கு மாகாணத்தை மூணாப் பிரிச்சது எப்பம்மா?"

"நான் பள்ளிக்கூடம் முடிச்ச வருஷம். நாங்க படிச்சப்போ பத்துதான்."

"அப்போ உங்க பொண்ணு?"

"பிறக்கவே இல்லையே."

"தெரிஞ்சதைப் பயத்துல மறக்கலாம். கத்துக்கவே இல்லாததை எப்படிச் சொல்ல முடியும்? அவ ஒப்பிக்கலை, எதிர்ல பார்த்துப் படிச்சிருக்கா. அந்த அறையில ஒரு பழைய தேசப்படம் தொங்குது. பழைய படம் எங்க இருக்கும்?"

"பள்ளிக்கூடத்துல!" என்றான் அவசரம்.

"அங்க புதுசு மாட்டிட்டாங்க," என்றாள் தாய். "பழைய கட்டடத்தைக் காலி பண்ணப்போ தட்டுமுட்டெல்லாம் லாரி கம்பெனி கிடங்குக்குப் போச்சு. சுவர்ல ஈரம் தெரியாம இருக்க, படத்தையெல்லாம் அங்கயே மாட்டிட்டோம்னு இவன்தான் எங்கிட்ட..."

சொல் பாதியில் நின்றது. அவள் மெல்லத் தம்பியைத் திரும்பிப் பார்த்தாள்.

"வாசல்ல சத்தம் வராததும் அதனாலதான்," என்றார் அம்மாள் தாழ்ந்த குரலில். "மாமா வந்து கூப்பிட்டா பிள்ளை ஏன் கத்தப் போகுது?"

அவன் சுவரோடு சரிந்து உட்கார்ந்தான். "லாரியை ஓட்டினது நான்தான்னு கேஸைத் திருப்பிடுவோம்னு மிரட்டினாங்கக்கா. நாளைக்கு ஒரு நாள்தான், பிள்ளை மேல கை வைக்க மாட்டோம்னு சத்தியம் பண்ணாங்க."

அவள் அடிக்கவில்லை. அவன் சட்டையைப் பிடித்துக்கொண்டு, "உயிரோட இருக்காளா? அதை மட்டும் சொல்லு," என்றாள்.

"தெரியலக்கா. விட்டுட்டு வந்ததோட சரி. அப்புறம் என்னை உள்ள விடலை."

அவசரம் தம்பியின் செல்போனைப் பறித்து வைத்தான். அம்மாள் பழைய போலீஸ் சகாக்களுக்குப் போனில் சொல்லி முடித்தார். சீருடை இல்லாமல் போகச் சொன்னார்.

கிடங்கு வாசலில் அவள் நின்ற நேரம் ஓர் ஆயுள் போலக் கழிந்தது. உள்ளே ஏதோ தகரம் விழுந்தது. யாரோ கத்தினார்கள். அது குழந்தையின் குரலா என்று தெரியாமல் அவள் காதைப் பொத்திக்கொண்டாள்.

கடைசியில் ஒரு பெண் போலீஸின் இடுப்பில் மகள் வெளியே வந்தாள். உதடு வெடித்திருந்தது, கண் திறந்திருந்தது.

"அந்தப் படம் தப்பும்மா. பார்த்ததுமே தெரிஞ்சுது. தப்பாச் சொன்னா நீ விடமாட்டேல்ல, அதான் சொன்னேன்." தாயின் கழுத்தைக் கட்டிக்கொண்டதும் பிள்ளை நடுங்கத் தொடங்கியது. "மாமா ஜூஸ் வாங்கிட்டு வரேன்னு போனார். வரவே இல்லை. அவரையும் பிடிச்சுட்டாங்களாம்மா? தேடினீங்களா?"

பத்தடி தள்ளி, ஜீப்பின் பின் இருக்கையில் விலங்கோடு இருந்தவன் அதைக் கேட்டு முகத்தை முழங்காலுக்குள் புதைத்துக்கொண்டான்.

"தேடிக் கண்டுபிடிச்சுட்டோம்," என்றாள் அவள். பிள்ளையின் முகத்தைத் தோளில் அழுத்திக்கொண்டு ஜீப்பைக் கடந்து நடந்தாள்.