வயிற்றின் மேல் ஒரு ஜன்னல்

எட்டாம் மாதத்தில் வயிற்றுப் பிள்ளையின் முகம் பார்க்க ஆஸ்பத்திரிக்குப் போவது தூத்துக்குடியில் வழக்கமாகிவிட்டிருந்தது. ஆணா பெண்ணா என்று தெரிந்துவிடும் என்பதால் கழுத்துக்குக் கீழே காட்டச் சட்டம் விடாது. அதனால் எல்லோரும் மூக்கு யாரைப் போல என்று பார்த்துவிட்டு, இனிப்பு கொடுத்துவிட்டுப் போவார்கள். ஜெசிந்தாவுக்கோ பிள்ளையின் கண்ணைப் பற்றித்தான் கவலை. அவள் கணவன் ரூபன் இரு கண்ணிலும் புரையோடு பிறந்தவன். காலம் தாழ்ந்து அறுவை சிகிச்சை நடந்ததால் ஒரு சாணுக்கு அப்பால் அவனுக்கு எல்லாமே மூட்டம்தான். பிள்ளைக்கும் அது வரப் பாதிக்குப் பாதி வாய்ப்பு உண்டு என்று டாக்டர் நூர்ஜஹான் சொல்லியிருந்தார்.

மல்லாந்து படுத்தவளின் வயிற்றின் மேல் ஒளிநேராக்கியை இறக்கினார்கள். பார்வைக்கு அது வெறும் கண்ணாடிப் பலகை. உள்ளே, முடியைவிட மெல்லிய படலமாகத் திரவப் படிகம். அதில் கோடிக்கணக்கான புள்ளிகள். மின்சாரம் தொட்டதும் ஒவ்வொரு புள்ளியிலும் குச்சி போன்ற மூலக்கூறுகள் திரும்பிக்கொள்ளும். திரும்பிய அளவுக்கு அங்கே ஒளி தாமதப்படும். உடம்பின் சதை ஒளியை முழுக்கத் தடுப்பதில்லை, கலைத்துப் போடுகிறது. டார்ச்சை உள்ளங்கையில் அழுத்தினால் விரல் சிவப்பது அதனால்தான். கலைந்ததற்கு ஏற்பத் தாமதம் கொடுத்தால் ஒளி மறுபடி ஒழுங்காகக் கூடிவிடும். ஆனால் உடம்பு சும்மா இருக்காது. ரத்தம் ஓட ஓடக் கலைசலும் மாறும். பழைய கால்குலேட்டரில் எண்கள் மெல்ல மங்கி மறைவதைப் பார்த்தவர்களுக்குத் தெரியும், திரவப் படிகம் எத்தனை சோம்பேறி என்று. இந்தப் புதிய படிகமோ, ரத்த அணு ஒன்று சற்றே நகர்வதற்குள் ஆயிரம் முறை திரும்பிவிடும்.

நேர் மேலிருந்து குனிபவர்களுக்குத்தான் அது ஜன்னல். படுத்திருந்த ஜெசிந்தாவுக்குப் பலகையின் ஓரம் மட்டுமே தெரிந்தது. அவள் முகங்களைப் பார்த்துக்கொண்டிருந்தாள். டாக்டர் கை நீளத்தில் நின்றார். ரூபனோ மூக்கு இடிக்கும் அளவுக்குக் குனிந்திருந்தான். சிவந்த ஒளி அவன் முகமெங்கும் பரவியது.

டாக்டர் மெல்லிய விளக்கொன்றைப் பாய்ச்சினார். புரை இருந்தால் கண்மணி வெளுத்துத் தெரியும். இல்லையென்றால் ஒளி உள்ளே போய்த் திரும்பி, கங்கு போல ஒளிரும்.

“செக்கச் செவேல்னு இருக்கும்மா. ரெண்டு கண்ணும்.”

ஜெசிந்தாவின் கண்ணீர் காதுக்குள் வழிந்தது.

“டாக்டர், நான் தலையத் திருப்புனா அதுவும் திருப்புது,” என்றான் ரூபன்.

அவனை நகரச் சொல்லி, மறுபடி குனியச் சொல்லிப் பார்த்தார் டாக்டர்.

“ஒளி போன வழியிலயே திரும்பியும் வரும் தம்பி. நமக்கு ஜன்னல்னா உள்ள இருக்க பிள்ளைக்கும் ஜன்னல்தான். அந்தக் கண்ணுக்குக் கிட்டக்க இருக்கறதுதான் தெரியும். இவ்வளவு கிட்டக்க யாரும் குனிஞ்சதில்ல. இத்தனை பிள்ளைங்களப் பாத்தும் எனக்கு இது தோணல.”

அதன்பின் ஒவ்வொரு வாரமும் ரூபன் குனிந்தான். வியப்பில் அவனுக்குப் பேச்சு எழாது. பேசியதெல்லாம் ஜெசிந்தாதான். “என்ன பண்ணுது, முழிக்குதா? வாயத் தொறந்து சொன்னா முத்தா உதிந்துரும்?” என்று படுத்தபடியே சிரிப்பாள், ஏசுவாள், பாடுவாள். அந்தக் குரல் உள்ளே எங்கும் நிறைந்தது; ஜன்னலில் தெரிந்ததோ ரூபனின் முகம்.

பெண் குழந்தை பிறந்தது. துடைத்து அவள் மார்பில் கிடத்தினார்கள்.

“ஏளா, அம்மாவப் பாரு.”

பழகிய குரல் கேட்டதும் குழந்தை கண்ணை அகல விரித்தது. எதிரே இருந்த ஜெசிந்தாவின் முகத்தை யாரோ என்பதுபோல் கடந்து, தேடித் தேடி, அருகே குனிந்திருந்த ரூபனிடம் வந்து நின்றது. அவன் உதடுகளையே பார்த்தது. ஜெசிந்தா மறுபடி கூப்பிட்டாள். குழந்தை அவன் உதட்டைவிட்டுக் கண்ணை எடுக்கவில்லை.

“உன் குரல என் வாயில தேடுதா,” என்றான் ரூபன்.

அந்த வாயிலிருந்து எதிர்பாராத கட்டைக் குரல் வரவே குழந்தை மிரண்டு வீறிட்டது.

“ஒண்ணுமில்ல, ஒண்ணுமில்லளா,” என்றாள் ஜெசிந்தா.

உடனே அழுகை அடங்கியது. நன்றியோடு அது அப்பாவைப் பார்த்தது.